சிகாகோ குடும்பம் சேலத்துக்கு வந்தால் வீடு எந்தத் தெருவில்?

நாலுரோடு நாடகக்காரன் (கேள்வி)

வணக்கம். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நாடகம் போடுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது, சேலத்தில். லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை அடுத்ததாகத் தமிழில் போடுவது என்று முடிவாகி, வசனம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாதி எழுதியாயிற்று. அதற்குள் எங்களுக்குள்ளேயே தகராறு, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

படிக்காதவர்களுக்குக் கதை. சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் யங்கர் என்று ஒரு கறுப்பினக் குடும்பம். நெருக்கடியான வாடகை வீடு, குளியலறை பக்கத்து வீட்டாரோடு பொது, பேரன் டிராவிஸுக்குப் படுக்கை ஹாலில் கிடக்கும் சோபா. தாத்தா உழைத்து உழைத்தே செத்துப்போனார், அவருடைய இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் தபாலில் வரப்போகிறது. அம்மா லீனாவுக்குச் சொந்த வீடு வேண்டும். மகன் வால்டர் லீ ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறான், அவனுக்கு இரண்டு கூட்டாளிகளோடு மதுக்கடை வைக்க வேண்டும். மகள் பெனீத்தாவுக்கு டாக்டர் படிப்பு. மருமகள் ரூத்துக்கு இந்தப் பொந்தை விட்டு வெளியே போனால் போதும். அம்மா 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி கிளைபோர்ன் பார்க் என்ற வெள்ளையர் குடியிருப்பில் வீடு பேசிவிடுகிறாள். மிச்சம் 6,500-ஐ மகன் கையில் கொடுத்து, தங்கச்சி படிப்புக்கு 3,000 பேங்கில் போடு, மீதி உன் பொறுப்பு என்கிறாள். அவன் மொத்தத்தையும் கூட்டாளி வில்லி ஹாரிஸிடம் தூக்கிக் கொடுக்க, வில்லி கம்பி நீட்டிவிடுகிறான். நடுவில் லிண்ட்னர் என்று ஒருவர் கிளைபோர்ன் பார்க் சங்கத்தின் சார்பில் வந்து, நீங்கள் அங்கே குடிவர வேண்டாம், கொடுத்ததற்கு மேலேயே தருகிறோம், வீட்டை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பணம் போன பிறகு வால்டர் அதே ஆளைக் கூப்பிட்டுக் கையேந்தப் பார்த்து, கடைசி நிமிடத்தில் முடியாது என்கிறான். குடும்பம் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது.

எங்கள் இயக்குநர் அண்ணன் இதைச் சேலத்துக் கதையாக மாற்றச் சொல்கிறார். ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த அப்பா, எல்ஐசி பணம், அம்மாப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். இதுவரை எனக்கும் சம்மதம்தான். ஆனால் லிண்ட்னரைத் தூக்கிவிடச் சொல்கிறார். வெள்ளை கறுப்பு சண்டை நம்ம ஜனத்துக்கு எட்டாது தம்பி, அப்பா செத்த பணம், அம்மா, மகன், மருமகள், இதுவே போதும், கர்சீப் நனைஞ்சிரும் என்பது அவர் கட்சி. அமெரிக்கக் கனவு என்றால் பணம் சேர்த்து மேலே வருவது, அது எல்லா ஊருக்கும் பொது என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. லிண்ட்னர் இல்லாவிட்டால் கடைசியில் வால்டர் எதை வேண்டாம் என்று சொல்லுவான்? அப்புறம் இன்னொன்று, இந்த நாடகம் அந்தக் கனவை நல்லது என்கிறதா, ஏமாற்று என்கிறதா? ஒத்திகையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

தம்பி, இந்த நாடகத்தை எம்.ஏ. பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் இயக்குநர் சொல்வதை 1959-லேயே நியூயார்க்கில் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் மார்ச் 11-ஆம் தேதி பிராட்வேயில் எதெல் பேரிமோர் அரங்கில் முதல் காட்சி. ஒரு கறுப்பினப் பெண் எழுதி பிராட்வே மேடைக்குப் போன முதல் நாடகம் இது. இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸும் கறுப்பினத்தவர், வால்டராக நடித்தவர் சிட்னி பாய்ட்டியர். 530 காட்சி ஓடியது, நியூயார்க் விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த நாடகம் என்று விருது கொடுத்தார்கள், ஹான்ஸ்பெரிக்கு அப்போது வயது 28. வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் கைதட்டிவிட்டுச் சொன்னது என்ன தெரியுமா? இது கறுப்பர் கதையே இல்லை, எந்தக் குடும்பத்திலும் நடக்கிற கதை, அவ்வளவுதான் என்றார்கள். பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு தப்பித்தல் இருக்கிறது. தங்கள் வீதியில் நடப்பதைப் பற்றிப் பேசாமலே அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் பாருங்கள். எல்லாருக்கும் பொதுவானதைத் தொட வேண்டும் என்றால் குறிப்பிட்ட ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் அந்த அம்மா அப்போதே ஒரு பேட்டியில் பதில் சொன்னார்.

அவருக்கு இது கற்பனை இல்லை. அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி 1937-ல் சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். அந்தப் பகுதி வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம் என்று பத்திரமே எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே கும்பல் கூடியது, ஜன்னல் வழியாக வந்த செங்கல் சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தப்பியது, அம்மா ராத்திரி முழுக்கத் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிக் காவல் நின்றார். கணவர் வெளியூரில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். 1940-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் பழைய வழக்கொன்றின் முடிவு இவரைக் கட்டுப்படுத்தாது என்ற சட்டநுணுக்கத்தின் பேரில்தான். அந்த மாதிரிப் பத்திரமே செல்லாது என்று சொல்லவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று வந்தது 1948-ல், வேறு ஒரு வழக்கில். கார்ல் அதைப் பார்க்கவில்லை. 1946-ல் மெக்சிகோவில் இறந்துபோனார், அமெரிக்காவே வேண்டாம் என்று குடும்பத்தோடு அங்கே போய்விடத் திட்டம் போட்டிருந்த மனிதர்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் எழுதிய நாடகத்தில் லிண்ட்னர் துணைக் கதாபாத்திரம் என்று உங்கள் அண்ணன் எப்படி முடிவு பண்ணினார்?

கொலுசுப்பட்டறை

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன். நாடகத்தைப் புத்தகமாகப் படிக்கவில்லை, படமாகத்தான் பார்த்தேன், 1961-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், பாய்ட்டியர் நடித்தது. என்னைப் பொறுத்தவரை இது பணத்தைப் பற்றிய கதைதான். இன்னும் சரியாகச் சொன்னால் கூலிக்கு வேலை செய்கிறவன் முதலாளி ஆக ஆசைப்பட்டால் ஊர் அவனை எப்படிப் பார்க்கும் என்ற கதை.

செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியை எடை போட்டு வாங்கி, கொலுசு செய்து, எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிற வேலை. என் பட்டறையில் வேலை செய்கிற பையன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரே கனவுதான், தனிப் பட்டறை. அவன் பெண்டாட்டிக்கும் ஒரே கனவு, அவன் அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க வேண்டும். முதல் காட்சியிலேயே அந்த வால்டர் மதுக்கடையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ரூத் முட்டையைச் சாப்பிடு, ஆறிப்போகுது என்கிறாள் பாருங்கள், என் வீட்டில் எத்தனை தடவை இட்லி ஆறிப்போயிருக்கிறது!

அதைவிடப் பெரிய இடம் ஐம்பது சென்ட் காட்சி. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது சென்ட் கேட்கிறான். இல்லை என்கிறாள் அம்மா, உண்மையிலேயே இல்லை. அப்பன்காரன் கெத்தாகப் பாக்கெட்டில் கைவிட்டு ஐம்பது சென்ட் எடுத்துக் கொடுத்து, இந்தா இன்னொரு ஐம்பது, பழம் வாங்கிக்கோ, டாக்சியில் போ என்று பெண்டாட்டியை முறைத்துக்கொண்டே கொடுக்கிறான். பையன் போய்விடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து வேலைக்குக் கிளம்பிப் போனவன் திரும்பி வந்து நிற்கிறான், பஸ்ஸுக்குக் காசு இல்லை, பெண்டாட்டியிடமே கேட்க வேண்டும். ஒரு அப்பனுக்குப் பிள்ளை முன்னால் இல்லை என்று சொல்ல முடியாமல் போவது இருக்கிறதே, அமெரிக்கக் கனவு என்று நீங்கள் எல்லாரும் பெரிதாகப் பேசுவது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இதை எந்த ஊருக்கும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே வைக்கலாம்.

மதுக்கடை சமாச்சாரமும் நம்மூருக்கு ஒட்டும். 2003-ல் சில்லறை விற்பனையை அரசாங்கம் எடுத்துக்கொள்கிற வரைக்கும் ஒயின் ஷாப் பார்ட்னர்ஷிப் என்று எத்தனை குடும்பம் நகையை வைத்துப் பணம் போட்டது. எங்கள் சித்தப்பா ஒருத்தர் போட்டார், லைசென்சுக்கு மேலிடத்தில் கொடுக்க வேண்டும் என்று பணத்தை வாங்கிக்கொண்டு போன கூட்டாளியை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. படத்தில் அந்த வில்லியும் லைசென்சு சீக்கிரம் கிடைக்க ஸ்பிரிங்ஃபீல்டில் காசு கொடுக்க வேண்டும் என்றுதானே வாங்கிப் போகிறான்? பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால் கதையை அந்தக் காலத்துக்குத் தள்ளி வையுங்கள், 2000 வாக்கில்.

லிண்ட்னரை வேண்டுமானால் ஒரு காட்சியில் வந்துபோக விடுங்கள். ஆனால் வால்டரை முட்டாள் ஆக்கிவிடாதீர்கள்.

ஏ.டி.சி.நகர் கண்ணன்

எதற்கு எல்லாவற்றையும் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும்? சிகாகோவிலேயே நடக்கட்டுமே. ஜனங்களுக்குப் புரியாது என்பதெல்லாம் சும்மா. ராத்திரி முழுக்கத் தெருக்கூத்தில் துரியோதனனைப் பார்க்கிற ஊர் இது, அஸ்தினாபுரம் எந்த ஜில்லா என்று யாராவது எழுந்து கேட்டார்களா?

ஓமலூர்_ஒஹாயோ

கண்ணன் அண்ணா சொன்னது சரி. நான் ஓமலூர்க்காரன், இங்கே ஒஹாயோவில் வீடு வாங்கிக் கொஞ்ச வருடம் ஆகிறது. இந்த நாடகம் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று. இங்கே சாதாரணக் குடும்பம் ஒன்று அடுத்த தலைமுறைக்குச் சொத்து என்று விட்டுப் போவதே பெரும்பாலும் வீடுதான். 1934-ல் அரசாங்கம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்ததும்தான் நடுத்தர வர்க்கத்துக்கு இந்தக் கனவு கைக்கு எட்டியது, ஆனால் அதே திட்டம் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குக் கடன் பாதுகாப்பில்லை என்று ஒதுக்கி வைத்தது. அதனால் கடன் கிடைக்காத இடத்தில் அதிக வாடகை, கடன் கிடைக்கிற இடத்தில் நுழைய முடியாது. நாடகத்தில் ரூத் சொல்வாளே, இந்த எலிப்பொறிக்குக் கொடுத்த வாடகையில் நாலு வீடு வாங்கியிருக்கலாம் என்று, அது வெறும் ஆத்திரப் பேச்சு இல்லை. லீனா ஏன் வெள்ளையர் பகுதியில் போய் வாங்கினாள் என்பதற்கும் அவளே காரணம் சொல்கிறாள்: கறுப்பினத்தவருக்கென்று தூரத்தில் கட்டுகிற வீடுகள் இரண்டு மடங்கு விலை, கையில் இருந்த காசுக்கு நல்லதாகக் கிடைத்தது இது ஒன்றுதான். அந்த அம்மா போராட்டம் நடத்தப் போகவில்லை, கணக்குப் பார்த்துத்தான் வாங்கினாள். இதை வசனத்தில் விட்டுவிடாதீர்கள்.

வாத்தியார் சார் சொன்ன அந்தப் பத்திரங்கள் இப்போதும் பழைய வீடுகளின் ஆவணங்களில் அப்படியே கிடக்கின்றன. சட்டப்படி செல்லாது, வீடு விற்பதில் வாங்குவதில் பாகுபாடு கூடாது என்று 1968-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது, ஆனால் வரிகள் அழியவில்லை. வெள்ளையர் தவிர வேறு யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர் தவிர என்று எழுதியிருக்கும். அந்த வரியின்படி நானும் உள்ளே வர முடியாதவன்தான்.

இப்போது கசப்பான பகுதி. நம்மூர்க் குடும்பங்கள் இவ்வளவு பேர் இங்கே வந்து சேர முடிந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால், நாடு பார்த்து ஒதுக்கீடு வைத்திருந்த பழைய முறையை அதுதான் ஒழித்தது. அந்தக் காலத்துச் சிவில் உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் இல்லை. ஹான்ஸ்பெரி அதே வருடம் ஜனவரியில் 34 வயதில் புற்றுநோயில் போய்விட்டார், சட்டம் அக்டோபரில் கையெழுத்தானது. அவர் மாதிரி ஆட்கள் கதவை இடித்துத் திறந்தார்கள், நாங்கள் ஏசி டாக்சியில் வந்து இறங்கினோம். இறங்கியவர்கள் வீடு பார்க்கும்போது என்ன பேசுகிறோம் தெரியுமா? ஸ்கூல் ரேட்டிங் என்ன, அந்தப் பக்கம் வேண்டாம் பா, அங்கே 'அவங்க' ஜாஸ்தி. வாட்ஸ்ஆப் குழுவில் தமிழிலேயே, மிகவும் பண்பாக. லிண்ட்னர் வசனத்தை நான் படித்தபோது எங்கள் வீட்டு கெட்டுகெதர் ஞாபகம்தான் வந்தது.

குகை வாசகி

லிண்ட்னர் நம்ம ஜனத்துக்கு எட்டாது என்று சொன்ன அந்த அண்ணன் சேலத்தில் வாடகைக்கு வீடு தேடியே இருக்க மாட்டார் போல. இல்லையென்றால் தேட வேண்டிய அவசியம் இல்லாத ஆளாக இருப்பார்.

நானும் என் வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கத் தயாராகப் போனோம். ஒரு காலனியில் மாடி போர்ஷன். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார், குழந்தையைக் கொஞ்சினார், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது வரைக்கும் சொன்னார். அப்புறம் ஐயா வந்து உட்கார்ந்தார். சொந்த ஊர் எதுங்க என்றார், சொன்னோம். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்றார். குலதெய்வம் எதுங்க என்றார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல, தெருவுல மத்தவங்க ஒரு மாதிரி, உங்களுக்குத்தான் சங்கடம் என்று முடித்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்!

லிண்ட்னரும் இதே மாதிரிதான் பேசுகிறார். இதில் இனத் துவேஷம் துளியும் இல்லை, ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்கள் சேர்ந்து இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம் என்கிறார். வந்த உடனேயே அந்த ஆள் மிரட்டினால் குடும்பம் வெளியே தள்ளியிருக்கும். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசுவதால், பேச்சு எங்கே போகிறது என்று புரிவதற்கே அவர்களுக்கு நேரம் பிடிக்கிறது. அவர் சங்கத்தில் வரவேற்புக் குழுத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறார் என்பதைக் கவனித்தீர்களா, அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சேலத்துக் கதையாக மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லிண்ட்னரைக் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஆக்குங்கள். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுங்கள். குலதெய்வக் கேள்வியை எழுதிவிடுங்கள், வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அரங்கில் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

இயக்குநர்

நான்தான் அந்த அண்ணன். தம்பி லிங்க் அனுப்பினான், எல்லாவற்றையும் படித்தேன்.

அக்கா, நானும் தேடினவன்தான். தெரியாமல் சொல்லவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், ஹால் கிடைக்க வேண்டும். விளம்பரம் கொடுத்து உதவுகிறவர்கள் நாலு பேர், அவர்கள் எந்தெந்தச் சங்கத்தில் என்னென்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். குலதெய்வம் எதுங்க என்று மேடையில் ஒருத்தன் கேட்டால் முதல் வரிசை எழுந்து போய்விடும், அடுத்த நாடகத்துக்கு ஸ்பீக்கர் வாடகைக்குக்கூட வழி இருக்காது. நடிக்கிற பிள்ளைகளுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

அதைத் தவிர, லிண்ட்னர் இல்லாமலும் இந்த நாடகம் நிற்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அந்த நைஜீரியா மாணவன் அசகாய் பெனீத்தாவிடம் கேட்கிறானே, எல்லாருடைய கனவும் ஒரு மனிதனின் சாவை நம்பி இருக்கிற வீட்டில் ஏதோ கோளாறு இல்லையா என்று, அதுதான் எனக்கு நாடகத்தின் நடு நரம்பு. அப்பா சர்வீசில் இருக்கும்போதே போய்விட்டால் பையனுக்கு வேலை கிடைக்கும் என்று துக்க வீட்டிலேயே கணக்குப் போடுகிறதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா செத்த பணத்தில் யாருடைய கனவுக்கு முதல் உரிமை? இந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரன் எதற்கு?

பழைய வாத்தியார்

இயக்குநர் தம்பி நேராக வந்து பேசியது நல்லது. ஹால் கவலை நியாயமானது, ஹான்ஸ்பெரிக்கும் அது இருந்தது. பிராட்வேக்குப் போக முதலீடு திரட்டவே அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, கறுப்பினக் குடும்பக் கதைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று கைவிரித்தவர்கள் அதிகம். பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மா ஒரு செய்தித்தாளோடு வந்து, வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன குடும்பத்தின் வீட்டில் குண்டு போட்டார்கள் பார் என்று காட்டுகிற காட்சி முதல் தயாரிப்பில் இல்லை, வெட்டிவிட்டார்கள், பிற்பாடுதான் திரும்பச் சேர்ந்தது. அது இல்லாமல் பார்த்தவர்களுக்கு முடிவு சுபமாகத் தெரிந்தது, ஏதோ கிரகப்பிரவேசத்துக்குப் போகிற மாதிரி. ஆக, வெட்டலாம். எதை வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்து வெட்ட வேண்டும்.

உங்கள் அசகாய் வாதத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் பணம் என்றதும் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நினைவுக்கு வரும், 1949, இதற்குப் பத்து வருடம் முந்தியது. அங்கே வில்லி லோமன் என்ற விற்பனையாளர் 20,000 டாலர் இன்சூரன்ஸ் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை மோதித் தன்னையே முடித்துக்கொள்கிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன் என்று மனைவி கல்லறையில் நின்று சொல்கிறாள். அவருக்கு வீடு இருந்தது, கடைசியில் பறிபோகும் வரை வேலையும் இருந்தது, எந்தத் தெருவிலும் யாரும் தடுக்கவில்லை. கனவு உள்ளேயிருந்து அரித்தது. அவரைப் பார்த்துவிட்டு இந்தக் கனவே பொய் என்று சொல்ல மில்லருக்கு வசதி இருந்தது. யங்கர் குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர்கள் இன்னும் வாசலுக்கே வரவில்லை. வால்டர் மகனிடம் பேசுகிறானே, உனக்குப் பதினேழு வயசாகும்போது நான் பெரிய காரில் வீட்டுக்கு வருவேன், தோட்டக்காரன் வணக்கம் சொல்லுவான், உலகத்துப் பெரிய காலேஜ் விளம்பரமெல்லாம் உன் ரூமில் பரப்பிக் கிடக்கும், எதில் சேரணும்னு சொல்லு என்று. அதைக் கேட்டால் சிரிப்பும் வரும் பயமும் வரும், அவன் ஓட்டுகிற காரின் சொந்தக்காரனுடைய வாழ்க்கையை அப்படியே கடன் வாங்கிக் கனவு காண்கிறான். ஹான்ஸ்பெரி அந்தப் பேராசையைக் கண்டிக்கிறார், ஆனால் மூன்று படுக்கையறை வீடும் ஜன்னல் வெளிச்சமும் கேட்பதைக் கண்டிக்கவே இல்லை. இரண்டுக்கும் அமெரிக்கா ஒரே பெயர் வைத்திருக்கிறது, அதனால்தான் உங்கள் ஒத்திகையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

லிண்ட்னர் இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உங்களிடம் ஆள் இல்லை. அவர் நீட்டுவது காசு. வால்டர் நாடகம் முழுக்கக் கேட்டதும் காசு. வாங்கினால் கனவு நிறைவேறுகிற மாதிரி, வீடு போகிறது. லீனா பேரனை வெளியே போகச் சொல்லாமல், இங்கேயே நில்லு, உங்கப்பா என்ன செய்யறான்னு பாரு என்று நிறுத்துகிறாள். அந்தக் காட்சிக்குப் பதிலாக உங்களிடம் என்ன இருக்கிறது?

ஏற்காடு மிளகு

ஒரு விஷயம் யாருமே பேசவில்லை, ரூத். வால்டர், அம்மா, வீடு என்றே போகிறது.

ரூத் கர்ப்பமாக இருக்கிறாள், இந்த வீட்டில் இன்னொரு பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று கலைக்க ஒரு அம்மாவிடம் ஐந்து டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டு வருகிறாள். புருஷனுக்குத் தெரிந்த பிறகும் அவன் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். சொந்த வீடு என்ற செய்தி வந்த காட்சியில் அவள் கேட்கிறாள், வெளிச்சம் நிறைய வருமா என்று. எனக்கு அது தொண்டையில் நின்றது. எங்கள் ஆயா இங்கே காபி எஸ்டேட்டில் பழம் பறித்தவர், லைன் வீட்டில்தான் அம்மா பிறந்தது, மழைக்காலத்தில் துணி காய அடுப்புக்கு மேலே கொடி கட்டுவார்கள். பட்டா போட்ட இடத்தில் நாலு பக்கமும் ஜன்னல் வைத்து வீடு கட்ட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்டதில்லை.

பணம் போய்விட்டது, வீட்டை விட்டுவிடலாம் என்று லீனாவே மனசு விட்டுவிடுகிற இடத்தில் ரூத்தான் பிடித்துக்கொள்கிறாள். சிகாகோவில் இருக்கிற எல்லார் வீட்டு அடுப்படியிலும் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வேலை பார்க்கிறேன், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், ஆனால் இங்கிருந்து போயே ஆக வேண்டும் என்கிறாள். கடைசியில் வால்டர் நிமிர்ந்து நின்றான் என்று எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த மாதத் தவணையை யார் கட்டுவது? அவள்தான், மாமியாரும் அவளும், வயிற்றில் பிள்ளையோடு. பெனீத்தாவின் படிப்புப் பணம் போனது போனதுதான். அமெரிக்கக் கனவு நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் அந்தத் தவணைச் சீட்டைத்தான் காட்டுவேன். கொலுசுப்பட்டறை அண்ணன் சொன்ன ஐம்பது சென்ட் காட்சியிலும் இல்லை என்று உண்மையைச் சொன்னவள் அவள்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தயவுசெய்து ரூத்துக்கு அழுகை வசனம் அதிகம் எழுதாதீர்கள். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே பேசட்டும்.

நாலுரோடு நாடகக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அண்ணனும் நானும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டு ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். கதை சேலத்தில்தான், 2002-ல். லிண்ட்னர் உண்டு, சங்கச் செயலாளராக. குலதெய்வக் கேள்வியை எழுதிவிட்டேன். அண்ணன் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, முதல் காட்சி யாருக்கும் அழைப்பு வைக்காமல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டுப் பார்க்கலாம், அப்புறம் ஹாலைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார். ஏற்காடு அக்கா சொன்ன இருபது மணி நேர வசனம் நான் எழுதியதில் விட்டுப்போயிருந்தது, சேர்த்தாயிற்று.

செயலாளர் வேடத்துக்கு ஆள் தேவை. ஐம்பது வயதுக்கு மேல், கோபம் வராமல் பேசத் தெரிய வேண்டும், வெள்ளை வேட்டி சொந்தமாக இருந்தால் நல்லது. கேட்ட மூன்று பேரும் வில்லன் என்றால் சரி, இது வேண்டாம் என்கிறார்கள். யாராவது இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.